பழைய ரோட் பைக்கில் அகல டயர்: 32 ஏறாது, 28 ஏறும்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கோவையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் வரும்போது கையோடு கொண்டுவந்த பத்து வருடப் பழைய ரோட் பைக். அலுமினிய பிரேம், கார்பன் ஃபோர்க், ரிம் பிரேக். 23 டயர், அது ரிம்மின் மேல் அளந்தால் 23.5 மிமீ. ரிம்மின் உள் அகலம் 15 மிமீ. உங்கள் எடை 78 கிலோ, காற்று 110 பிஎஸ்ஐ. டோங்காட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கி எம்4 சாலை வழியாக உம்லாங்கா வரை போய் வருகிறீர்கள். மணிக்கட்டு மரத்துப்போகிறது, முதுகு வலிக்கிறது. 32 டயர் போடலாமா, முடியாவிட்டால் எதுவரை போகலாம் என்று கேட்கிறீர்கள். இப்போதுள்ள டயருக்கும் பிரேமுக்கும் நடுவே உள்ள இடத்தையும் அளந்து எழுதியிருக்கிறீர்கள்: பின்னால் செயின்ஸ்டேயில் (பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்தின் இரு பக்கமும் போகும் பிரேம் குழாய்கள்) இரண்டு பக்கமும் 7 மிமீ, பின் பிரேக்குக்குக் கீழே 8, முன் பிரேக்குக்கும் ஃபோர்க் தலைக்கும் கீழே 7. இப்படி அளந்துவிட்டுக் கேட்பவர்கள் குறைவு. அதனால்தான் என்னாலும் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

32 ஏறாது. 28 ஏறும், ஆனால் எல்லா 28-உம் ஏறாது. உங்கள் வலியில் பெரும்பகுதி டயர் அகலத்தால் வருவதில்லை, அந்த 110 பிஎஸ்ஐயால் வருகிறது.

டயரின் பக்கத்தில் 28-622 என்று அச்சிட்டிருப்பார்கள். 622 என்பது டயர் விளிம்பு உட்காரும் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். 700சி என்று நாம் சொல்வது அதைத்தான். 28 என்பது, ஒரு குறிப்பிட்ட அகலமுள்ள ரிம்மில் மாட்டிக் காற்றடித்தால் அந்த டயர் இருக்கவேண்டிய அகலம். வேறு ரிம்மில் மாட்டினால் அகலமும் வேறாகும். ரிம்மின் உள் அகலம் 1 மிமீ கூடினால் டயர் ஏறக்குறைய 0.4 மிமீ விரியும், குறைந்தால் அதே அளவு சுருங்கும். 2020-க்கு அப்புறம் வந்த அளவு முறையில் 28 டயரை 19 மிமீ ரிம்மில் வைத்து அளக்கிறார்கள். உங்கள் ரிம் 15. நாலு மில்லிமீட்டர் குறைவு என்பதால், புதிதாக வந்த 28 டயர் உங்கள் ரிம்மில் சுமார் 26.5 மிமீ தான் வரும். ஆனால் பழைய முறையில், குறுகிய ரிம்மை மனதில் வைத்துச் செய்த 28 டயர் அதே ரிம்மில் முழு 28-ஆக நிற்கும். இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், இரண்டிலும் எழுதியிருப்பது ஒரே எண். "என் நண்பர் இதே பிரேமில் 28 போட்டிருக்கிறார்" என்பதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம் பலர் விட்டுவிடும் ஒரு கணக்கு. டயர் 4 மிமீ அகலமானால் செயின்ஸ்டேயில் பக்கத்துக்கு 2 மிமீ மட்டுமே போகும், ஏனென்றால் கூடுதல் அகலம் இரண்டு பக்கமும் பிரிந்துகொள்கிறது. உயரம் அப்படிப் பிரியாது. டயர் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவும் பிரேக்குக்குக் கீழே இருக்கும் இடத்திலிருந்து முழுதாகக் கழியும். அதனால் ரிம் பிரேக் போட்ட ரோட் பைக்கில் பெரும்பாலும் முதலில் இடிப்பது மேலேதான். செயின்ஸ்டேயை மட்டும் பார்த்துவிட்டு "நிறைய இடம் இருக்கிறதே" என்று முடிவுக்கு வருவது தவறு. இன்னொன்று, ரிம் அகலம் மாறினால் டயரின் அகலம் மாறுமே தவிர, உயரம் அதிகம் மாறாது. குறுகிய ரிம் வைத்திருப்பதால் மேலே இடம் மிச்சமாகும் என்று நினைக்கவேண்டாம்.

இப்போது உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். புதிய வகை 28 மாட்டினால் அகலம் 3 மிமீ கூடும், பக்கத்துக்கு 1.5 போய் 5.5 மிச்சம். நல்ல இடம். உயரம் ஏறக்குறைய 3.5 கூடும். முன்னால் 7 இருந்தது 3.5 ஆகும், பின்னால் 8 இருந்தது 4.5 ஆகும். இது ஓட்டக்கூடிய அளவு. பழைய வகை 28 என்றால் உயரம் 5 வரை கூடும், முன்னால் 2 மிமீ தான் நிற்கும். அது வேண்டாம். 30 போட்டாலும் ஏறக்குறைய அதே நிலைதான். 32 என்றால் உயரம் 7 மிமீக்கு மேல் கூடுகிறது, முன் பிரேக்கில் உரசிக்கொண்டு நிற்கும், சக்கரம் சுற்றவே சுற்றாது.

பிரேம் செய்யும் கம்பெனிகள் பொதுவாகச் சுற்றிலும் 4 முதல் 6 மிமீ வரை இடம் கேட்பார்கள். 3.5 அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் சக்கரம் மேலும் கீழும் அசைவது மிகக் குறைவு, பக்கவாட்டில்தான் அசையும். அதனால் தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுவதானால் பிரேக்குக்குக் கீழே 3.5 மிமீ எனக்குச் சம்மதம். செயின்ஸ்டேயில் 4-க்குக் கீழே போனால் சம்மதமில்லை. எழுந்து நின்று மிதிக்கும்போது பின்சக்கரம் வளைகிறது, பிரேமும் வளைகிறது. ஒரு கம்பி அறுந்தால் சக்கரம் சட்டென்று ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். அந்த நேரத்தில் வீட்டுக்குத் திரும்ப முடியுமா, அல்லது டயர் பிரேமை அறுத்துக்கொண்டு நிற்குமா என்பதை அந்தச் சில மில்லிமீட்டர்தான் முடிவு செய்கிறது. முன்சக்கரத்தில் இன்னும் மோசம். ஃபோர்க் தலைக்கும் டயருக்கும் நடுவே ஒரு கல் சிக்கி சக்கரம் நின்றுவிட்டால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுவார்.

உங்கள் வழியைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் டர்பனுக்கு வடக்கே உள்ள இந்த வடகரையில் ஓட்டுபவர்களுக்கு இது வெறும் எண் கணக்கு இல்லை. டோங்காட், வெருலம் பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் ஆர்102 சாலையில் லாரியிலிருந்து விழுந்த கரும்புத் துண்டுகளும் மண்ணும் சாலை முழுக்கக் கிடக்கும். பெரியா மண் என்கிற அந்தச் சிவப்பு மணல் மழையில் நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு மேலே ஏறி, பிரேக்குக்குக் கீழே சேர்ந்து, ஃபோர்க்கின் அடியை உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோலத் தேய்க்கும். கார்பன் ஃபோர்க்கில் பெயின்ட் போய் நார் தெரிய ஆரம்பித்தால் அந்த ஃபோர்க்கின் கதை முடிந்தது. 2022 ஏப்ரல் வெள்ளம் வடகரைச் சாலைகளைப் பல இடங்களில் அரித்துவிட்டுப் போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒட்டுப்போட்ட இடங்களின் விளிம்புகளை இன்னும் கையில் உணரலாம். அகல டயர் வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானதுதான். ஆனால் கரும்புக்காட்டு மண்பாதையில் இறங்கப்போகிறேன் என்றால், 3.5 மிமீ இடைவெளியோடு இறங்காதீர்கள். 28 டயர் போட்ட பைக்கைத் தார்ச்சாலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது செய்யவேண்டியது இது. முதலில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துவிடுங்கள். கோணலான சக்கரத்தில் அளந்த அளவு எதற்கும் உதவாது. பின்சக்கரம் நடுவில் நிற்கவில்லை என்று தோன்றினால் அதைக் கழற்றித் திருப்பி மாட்டிப் பாருங்கள். இப்போது மறுபக்கம் நெருங்கினால் கோளாறு சக்கரத்தில், அதே பக்கம் நெருங்கினால் கோளாறு பிரேமில். டயரை மாட்டி, ஓட்டப்போகும் அளவுக்குக் காற்றடித்து, கடையிலேயே அளந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். வெர்னியர் இல்லாவிட்டால் ஆலன் கீ போதும்: 4 மிமீ சாவி செயின்ஸ்டேக்கும் டயருக்கும் நடுவே தடையில்லாமல் போகவேண்டும், சக்கரத்தை மெதுவாகச் சுற்றி எல்லா இடத்திலும் போகவேண்டும். பிரேக்குக்குக் கீழே 3 மிமீ சாவி போகவேண்டும். சீட் டியூபுக்குப் பின்னாலும் பார்த்துவிடுங்கள். முன் டிரெயிலியரின் (முன் பல்சக்கரங்களில் செயினை மாற்றும் கருவி) பட்டையோ போல்ட்டோ சில பிரேம்களில் அங்கே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும், டயர் அதில்தான் முதலில் படும். இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகு மறுபடியும் அளக்கவேண்டும். புது டயரின் துணி இழுபட்டு அரை மில்லிமீட்டர், சிலவற்றில் அதற்கும் மேல் விரியும்.

"பிரேக்கை மாற்றினால் இடம் கிடைக்குமா" என்று அடுத்துக் கேட்பீர்கள். கொஞ்சம் கிடைக்கலாம். ஷிமானோ கம்பெனியின் ஆர்7000, ஆர்8000 வரிசை கேலிப்பர்களை (ரிம்மை இரண்டு பக்கமும் பிடிக்கும் பிரேக் கைகள்) 28 டயருக்கு இடம் விட்டுத்தான் செய்திருக்கிறார்கள். அதற்கு முந்தையவை 25-ஐ மனதில் வைத்துச் செய்தவை. வளைவு மெல்லியதாக இருந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கிடைக்கும். ஆனால் கேலிப்பர் மாட்டும் போல்ட் எங்கே இருக்கிறது என்பதை பிரேம் முடிவு செய்கிறது, ஃபோர்க் தலையின் உயரத்தையும் ஃபோர்க்தான் முடிவு செய்கிறது. 47-57 மிமீ நீள் கை கேலிப்பர் வாங்கி மாட்டினால் 32 ஏறிவிடும் என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கேலிப்பர், போல்ட் துளை உயரத்தில் இருக்கும் பிரேமுக்காகச் செய்தது. உங்கள் பிரேமில் துளை தாழ்வாக இருக்கிறது. பிரேக் கட்டை ரிம்மில் சரியாக உட்காராமல் அதற்குக் கீழே, கம்பிகளின் பக்கம் இறங்கிவிடும். பிரேக் கட்டை ரிம்மிலிருந்து நழுவிக் கம்பிகளில் சிக்கினால் சக்கரம் நின்றுவிடும், அதுவும் இறக்கத்தில்.

650பி சக்கரம் போடச் சொல்பவர்களும் உண்டு. அந்த ரிம்மின் விட்டம் 584, ஆகவே 700சியைவிட ரிம் 19 மிமீ கீழே இருக்கும். டிஸ்க் பிரேக் பைக்கில் நல்ல யோசனை. உங்கள் பைக்கில் பிரேக் கட்டை அங்கே எட்டவே எட்டாது. செயின்ஸ்டேயைத் தட்டிக் குழி போடுவது, கேலிப்பரின் அடியை அரத்தால் ராவுவது, கார்பனைத் தேய்ப்பது, இதையெல்லாம் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். உயிர் சம்பந்தப்பட்டது.

28 மாட்டியதும் ஒரு சின்ன தொல்லை வரும். காற்றடித்த டயர் பிரேக் கட்டைகளுக்கு நடுவே நுழையாது, அதனால் சக்கரத்தைக் கழற்ற முடியாது. கேலிப்பரின் பக்கத்திலுள்ள சிறு நெம்பைத் திறந்தால் கட்டைகள் விலகும். அப்படியும் நுழையாவிட்டால் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுக் கழற்றுங்கள். மாட்டிய பிறகு நெம்பை மூடிவிட்டீர்களா என்று பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏறவேண்டும்.

இப்போது காற்று. நான் மிக அழுத்திச் சொல்ல விரும்பும் இடம் இதுதான், ஏனென்றால் புது டயர் வாங்கிவிட்டுப் பழையபடி 110 அடிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். டயர் அகலமானால் அதே அழுத்தத்தில் அதன் துணி இன்னும் இறுக்கமாகும், ரிம்மின் விளிம்புகளை வெளியே தள்ளும் விசையும் கூடும். ஆக அகல டயரில் 110 அடித்தால் சொகுசும் கிடைக்காது, ரிம்முக்கும் கெடுதல். வழவழப்பான உருளையில் வைத்துச் சோதித்தால் அதிகக் காற்று வேகமாகத் தெரியும். உண்மையான சாலையில், ஒவ்வொரு சொரசொரப்பிலும் பைக்கும் ஆளும் சேர்ந்து குதிக்கும்போது மிதித்த சக்தி உடம்பு ஆட்டத்தில் வீணாகிறது. பாரிஸ்-ரூபே பந்தயத்தின் கல் சாலையில் தொழில்முறை வீரர்கள் இன்று 32-உம் அதற்கு மேலும் அகலமான டயரில் குறைந்த காற்றோடு ஓட்டுவது சொகுசுக்காக மட்டும் இல்லை, அதுதான் அங்கே வேகம். டயர் ஆய்வில் பெயர்பெற்ற ஃப்ராங்க் பெர்டோ சொன்ன கணக்கு ஒன்று உண்டு: ஆள் ஏறி உட்கார்ந்தால் டயர் தன் உயரத்தில் சுமார் 15 சதவீதம் அமுங்கவேண்டும். இன்றும் தொடங்குவதற்கு நல்ல கணக்கு.

உங்கள் 78 கிலோவுக்கு, 26.5 மிமீ நிற்கும் டயரில், முன்னால் 74, பின்னால் 80 என்று தொடங்குங்கள். ஒவ்வொரு வாரமும் 3 பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். வளைவில் டயர் நெளிவதுபோல் இருந்தாலோ, குழியில் ரிம் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டாலோ கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். டியூப் போட்ட டயரில் காற்று மிகக் குறைந்தால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அப்படி விழுந்தால் குறைத்தது அதிகம் என்று அர்த்தம். எப்போதும் ஒரே பம்பில் அடியுங்கள். பம்புக்குப் பம்பு அளவுமானி வேறுபடும், உங்களுக்குப் பிடித்த எண் உங்கள் பம்பின் எண்ணாக இருக்கட்டும். உண்மையைச் சொன்னால், டயர் வாங்கும் முன் இன்றைக்கே அந்த 23-இல் 110-ஐ 95-ஆகக் குறைத்து ஒரு முறை உம்லாங்கா போய் வாருங்கள். மணிக்கட்டு வித்தியாசம் சொல்லும்.

ரிம்மையும் பாருங்கள். பத்து வருட ரிம், ரிம் பிரேக், கடற்காற்று. பிரேக் கட்டை உரசும் பக்கத்தில் ஒரு நேரான இரும்பு அளவுகோலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் குழிந்து வெளிச்சம் தெரிந்தால் தகடு தேய்ந்திருக்கிறது. பல ரிம்களில் தேய்மானம் காட்ட ஒரு சிறு குழியோ கோடோ இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம் முடிந்தது. அப்படிப்பட்ட ரிம்மில் எந்த டயரும் போடவேண்டாம். ஹில்கிரெஸ்ட் பக்கம் போய் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு வரும்போது ரிம் பிளந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. புது ரிம் வாங்க நேர்ந்தால் உள் அகலம் 17 அல்லது 19 எடுங்கள். டயர் கொஞ்சம் விரியும், பக்கத்துக்கு 4.5 மிமீக்குக் குறையாமல் நிற்கும், மேலே பெரிய மாற்றம் இராது.

டயரின் தரம் அகலத்தைப் போலவே முக்கியம். தடித்த ரப்பரும் விறைத்த துணியும் உள்ள மலிவான 28, நல்ல மெல்லிய துணி உள்ள 25-ஐவிட மோசமாக உதறும். நம் ஊரில் மஞ்சள் கோட்டுக்கு இடப்பக்கம் ஓட்டுகிறோம். லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய இரும்புக் கம்பிகள், கண்ணாடித்துண்டு எல்லாம் ஒதுங்கிக் கிடப்பது அங்கேதான். ஆகவே பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயராக, அதில் இலகுவானதாகப் பாருங்கள். உள்நாட்டுப் பக்கம் போனால் நெருஞ்சி முள்ளும் உண்டு, ஊரில் பார்த்த அதே நெருஞ்சிதான். மெல்லிய பிளாஸ்டிக் டியூப்கள் எடை குறைவு, ஆனால் ரிம் பிரேக்கின் சூட்டைத் தாங்குமா என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எல்லாமே தாங்காது. சாதாரண பியூட்டில் டியூப் உங்களுக்குப் போதும். 28 டயருக்குப் பொருந்தும் அளவா என்று மட்டும் பாருங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். பைக் மூன்று மில்லிமீட்டர் உயரும், உங்களுக்குத் தெரியாது. சக்கரம் கொஞ்சம் பெரிதாவதால் மெதுவாகத் திரும்பும்போது கால்விரல் முன் டயரில் படுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். வேகமும் தூரமும் காட்டும் சைக்கிள் மீட்டரில் சக்கரச் சுற்றளவை மாற்றவேண்டும்: டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று உருட்டி, தரையில் விழுந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே அளந்து போட்டால் சரியாக இருக்கும்.

இனி, 32-தான் வேண்டும் என்று மனம் கேட்காமல் இருந்தால், இந்த பிரேமோடு போராடாமல் வேறு பைக் பாருங்கள். பழைய சைக்ளோகிராஸ் பைக் கிடைத்தால் அதில் கான்டிலீவர் பிரேக் இருக்கும், 33 டயர் தாராளமாக ஏறும், டிஸ்க் வந்தபிறகு அவற்றுக்கு விலையும் இறங்கிவிட்டது. அதைவிடச் சுலபமான வழி ஒன்று. தென்னாப்பிரிக்கா மலை பைக் ஓட்டும் நாடு; வீட்டுக்கு வீடு கராஜில் ஒரு 29 அங்குல மலை பைக் தூசி படிந்து நிற்கிறது, விற்கவும் விற்பார்கள். அந்த 29 அங்குல ரிம்மும் உங்கள் 700சி ரிம்மும் ஒரே 622 தான். முன் சஸ்பென்ஷனைப் பூட்டிக்கொள்ளும் வசதி உள்ள ஒன்றைப் பார்த்து, பட்டன் இல்லாத வழுக்கை டயர் 40 அகலத்தில் போட்டால் கரும்புக்காட்டுப் பாதையிலும் போகலாம், ஆர்102-இலும் போகலாம், மழை நாளுக்கு மட்கார்டும் மாட்டலாம். ஆனால் மலை பைக்கின் ரிம் அகலம், 25 மிமீ, சிலவற்றில் 30. அவ்வளவு அகல ரிம்மில் 28, 32 போன்ற குறுகிய டயரை மாட்டவே கூடாது. பைக் பார்க்கப் போகும்போது ரிம்மில் ஒட்டியிருக்கும் உள் அகல எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள், அதற்குப் பொருந்தும் டயர் எதுவென்று சொல்கிறேன்.